புயலில் நின்ற பெட்டிகள்

புதிதாகச் சேர்ந்திருக்கும் மூன்று பேருக்கும்,

போன வாரம் ஆபீசுக்கு வந்தபோது உங்களில் ஒருவர் கேட்டீர்கள். "மேடம், நீங்க இருந்தப்போ கணக்கு வெளியான ஒரு மணி நேரத்துல நம்ம புல்லட்டின் போயிடுமாமே, எப்படி?" கேட்ட முகத்தில் அவ்வளவு மரியாதை. எனக்கு வெட்கமாகிவிட்டது. பதில் சொல்லாமல் காபியைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

இப்போது சொல்கிறேன். ஒரு மணி நேரத்தில் எழுதியது உண்மை. அந்த அவசரத்தில்தான் ஒரு தடவை நாற்பது பெண்கள் சோற்றில் மண் அள்ளிப் போட்டேன். "புதுப் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்களேன்" என்று நம் செயலாளர் கேட்டபோது, நான் வாங்கிய பாராட்டுகளை எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார் பாவம். பாராட்டெல்லாம் ரிட்டயர்மென்ட் அன்றைக்குப் போட்ட மாலையோடு வாடிவிட்டது. மிச்சம் இருப்பது இதுதான்.

நம் வேலை என்ன? நாடு ஒவ்வொரு மாதமும் வெளியே என்ன விற்றது, வெளியிலிருந்து என்ன வாங்கியது என்று அடுத்த மாத நடுவில் அரசாங்கம் கணக்கு சொல்லும். அதை நம் சங்கத்துச் சின்ன முதலாளிகளுக்குப் புரிகிற மாதிரி இரண்டு பக்கத்தில் நாம் திருப்பிச் சொல்கிறோம். அவ்வளவுதான். அரசாங்கம் போடுவது எண். நாம் போடுவது சொல். 'ஏற்றம்', 'இறக்கம்', 'சரிவு', 'பாய்ச்சல்'. எண்ணைப் பார்த்து எந்த முதலாளியும் ஆள் எடுப்பதில்லை, ஆளை அனுப்புவதும் இல்லை. சொல்லைப் பார்த்துத்தான் செய்கிறார்கள். இது எனக்குப் புரிய இருபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. நீங்கள் கெட்டிக்காரர்கள், சீக்கிரம் புரிந்துகொள்வீர்கள்.

நம்மிடம் ஒரு பழக்கம் உண்டு. போன மாதத்தோடு ஒப்பிட மாட்டோம், போன வருஷத்து இதே மாதத்தோடுதான் ஒப்பிடுவோம். நியாயமான பழக்கம்தான். பொங்கல் மாதத்து வெல்ல வியாபாரத்தை ஆடி மாதத்தோடு வைத்துப் பார்த்தால், ஆடியில் ஊரே வெல்லத்தை வெறுத்துவிட்டது என்றல்லவா தோன்றும்? நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு செப்டம்பரில் தங்கம் இறக்குமதி எகிறியிருந்தது. நாடு தங்கத்தில் முழுகிவிட்டது என்கிற ரீதியில் எழுதிக்கொண்டு போனேன். அப்போது மேலே இருந்தவர் அதைப் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இந்த வருஷம் தீபாவளி எப்போ? போன வருஷம் எப்போ?" அந்த வருஷம் அக்டோபர் நடுவில், முந்தின வருஷம் அக்டோபர் கடைசியில். தீபாவளி முன்னால் வந்ததால் நகைக்கடைக்காரர்களும் அக்டோபரில் வாங்குவதைச் செப்டம்பரிலேயே வாங்கிவிட்டார்கள், வேறொன்றும் இல்லை. அவர் திட்டக்கூட இல்லை. காகிதத்தை என் பக்கம் தள்ளிவிட்டு டிபன் பாக்ஸைத் திறந்தார்.

அன்றையிலிருந்து என் மேஜைக்கு எதிரே பண்டிகைத் தேதிகளை எழுதி ஒட்டி வைத்தேன். தீபாவளி, ரம்ஜான், சீனாக்காரர்களின் புத்தாண்டுகூட. இனி என்னை எந்த மாதமும் ஏமாற்ற முடியாது என்று ஒரு திமிர். அந்தத் திமிர்தான் ஆளைக் கவிழ்த்தது.

கடைசியாக நான் வேலை பார்த்த வருஷங்களில் ஒன்று. அந்த வருஷத்து நவம்பர் கணக்கு டிசம்பர் நடுவில் வந்தது. நாட்டுக் கணக்கின் கீழே, தெற்குத் துறைமுகங்கள் வழியாகப் போன ஆயத்த ஆடைகளை நாம் தனியாக எடுத்துப் போடுவோம் இல்லையா, நம் ஆட்கள் முதலில் தேடுவது அந்த வரியைத்தான். பார்த்தால், போன வருஷ நவம்பரைவிட எக்கச்சக்க ஏற்றம். எனக்கே கை துறுதுறுத்தது. 'ஆயத்த ஆடை: நவம்பரில் பாய்ச்சல்' என்று தலைப்புப் போட்டு, மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் எல்லாருக்கும் வாட்ஸப்பில் அனுப்பிவிட்டேன். இரண்டு நாளில் ஆபீசுக்கு ஒரு பெரிய பெட்டி மைசூர்பாகு வந்தது. ஓசூர் ரோட்டுப் பக்கம் அடுகோடியில் சின்னத் தையல் கம்பெனி வைத்திருக்கும் ஒரு உறுப்பினர் அனுப்பியது. 'நல்ல செய்திக்கு நன்றி' என்று ஒரு துண்டுச் சீட்டு. நான் இரண்டு துண்டு தின்றேன். பொய் சொல்வானேன், மூன்று.

அடுத்து டிசம்பர் கணக்கு. சங்கராந்தி லீவு முடிந்து வந்ததும் வெளியானது. அதே வரி, இப்போது போன வருஷ டிசம்பரைவிட நன்றாக இறங்கியிருந்தது. சுவரில் ஒட்டியிருந்த பண்டிகைக் காகிதத்தைப் பார்த்தேன். பண்டிகை எதுவும் இடம் மாறவில்லை. சரி, இறக்கம்தான். 'ஆயத்த ஆடை: டிசம்பரில் சரிவு' என்று எழுதினேன். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அன்றைக்குச் சீக்கிரம் பஸ் பிடித்து காக்ஸ் டவுன் வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினேன்.

மூன்றாம் நாள் காலை ஆபீஸ் போன் அடித்தது. ஒரு பெண் குரல். வணக்கம், நமஸ்காரம் எதுவும் கிடையாது.

"இறக்கம்னு எழுதினது யாரு?"

"நான்தான். நீங்க?"

"அடுகோடியிலேருந்து பேசறேன். தையல் கம்பெனி. நான் பேக்கிங் சூப்பர்வைசர். உங்க பேப்பரை எங்க முதலாளி, நாங்க வருகை பதியற பஞ்ச் மெஷின் பக்கத்துல ஒட்டி வச்சிருக்காரு மேடம். சரிவுன்ற எடத்துல சிவப்புல கோடு போட்டு. அதுக்குக் கீழயே நோட்டீஸ், இந்த சனிக்கிழமையோட மூணாவது லைனை மூடறோம்னு."

மூன்றாவது லைன் என்றால் நாற்பது தையல் மெஷின், நாற்பது பெண்கள். ஒரு மாதத்துக்கு முன்னால் புதிதாக ஆரம்பித்த லைன். அதில் அவருடைய தங்கையும் இருந்தாள்.

"ஓசூருக்கு முன்னாடி, அத்திபெலேல ஒழுங்கா ஒரு கம்பெனில இருந்தா மேடம். நான்தான் இங்க வா, ஒண்ணா இருக்கலாம்னு கூப்ட்டேன். அங்க விட்டுட்டு வந்துட்டா. திரும்பப் போய்க் கேட்டா, எடம் இல்லன்றாங்க."

பெயரைச் சொன்னார். ஆனால் "என் பேரை எதுலயும் போட்டுடாதீங்க" என்று பிற்பாடு கேட்டுக்கொண்டதால் இங்கே எழுதவில்லை. பேக்கிங்காரம்மா என்றே வைத்துக்கொள்வோம்.

எனக்கு உடனே ஒன்று ஞாபகம் வந்தது. என் அப்பா தங்கவயல் சுரங்கத்தில் வேலை செய்தவர். சுரங்கம் மூடப்போகிறது என்று வீட்டுக்கு வந்ததும் ஒரு காகிதம்தான். "இதை எழுதினவன் யாரு, அவனைப் பார்க்கணும்" என்று அப்பா வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தார். ஒருநாள் என்னிடமே யாரோ அந்தக் கேள்வியைக் கேட்பார்கள் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

ஆனாலும் என் வாய் சும்மா இருந்ததா? "இதப் பாருங்கம்மா, நாங்க உங்க கம்பெனியப் பத்தி எழுதல. மொத்தக் கணக்கு. எல்லாத் துறைமுகத்திலேருந்தும் வர்றது. அது குறைஞ்சிருக்கு."

"குறையல மேடம்."

"குறையலைன்னு நீங்க எப்படிச் சொல்றீங்க?"

"பெட்டி எண்றது நான்தானே? போன மாசம் எத்தனை போச்சுன்னு எனக்குத் தெரியாதா?"

"சரி, போன வருஷ டிசம்பருக்கு எத்தனை போச்சு? அதைவிடக் குறைவா, இல்லையா?"

காகிதம் புரளுகிற சத்தம் கேட்டது. மடக்கிவிட்டேன் என்று நினைத்தேன்.

"குறைவுதான். ஆனா போன வருஷ டிசம்பர்ல போனது அந்த மாசப் பெட்டி மட்டுமா? நவம்பர்ப் பெட்டியும் சேர்ந்துல்ல போச்சு. புயல்ல நின்ன பெட்டி. சென்னைல துறைமுகத்த மூடிட்டாங்கன்னு லாரியெல்லாம் அத்திபெலேலயே நாலு நாள் நின்னுச்சு. மழ அடிச்சுது. தார்ப்பாய் போத்த நானே போனேன் மேடம்."

"சரிம்மா, பார்க்கறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். நம் ஆபீஸில் 'பார்க்கறேன்' என்றால் பார்க்க மாட்டேன் என்று அர்த்தம், உங்களுக்கும் இதற்குள் தெரிந்திருக்கும்.

ஆனால் அந்தத் தார்ப்பாய் மனதை விட்டுப் போகவில்லை. டீ வந்தது, குடித்தேன், தார்ப்பாய் போகவில்லை. எழுந்து போய்ப் போன வருஷத்து ஃபைலை எடுத்தேன். நவம்பர் கடைசியில் ஒரு சுற்றறிக்கை. 'புயல் காரணமாகச் சென்னைத் துறைமுகம் மூடப்பட்டுள்ளது. உறுப்பினர்கள் லாரிகளை ஓசூர், அத்திபெலே பக்கமே நிறுத்தி வைக்கவும்.' கீழே கையெழுத்து யாருடையது? என்னுடையது!

நம் ஆட்களில் பாதிப் பேர் சரக்கை லாரியில் சென்னைக்கு அனுப்பி அங்கேதான் சுங்கம் முடிப்பார்கள். சுங்கத்தைத் தாண்டுகிற மாதத்தில்தான் சரக்கு கணக்கில் ஏறும். நவம்பர் கடைசியில் நின்றுபோன பெட்டிகள் டிசம்பர் முதல் வாரத்தில் தாண்டின. அதனால் போன வருஷ நவம்பர் இளைத்துவிட்டது, டிசம்பர் கொழுத்துவிட்டது. இந்த வருஷ டிசம்பர் சாதாரண டிசம்பர்தான். கொழுத்த ஒன்றின் பக்கத்தில் நிறுத்தியதால் ஒல்லியாகத் தெரிந்தது.

புயல் அடிக்கிற வருஷம் எல்லாருக்கும் புயல் ஞாபகம் இருக்கும். அந்த வருஷம் நானும் 'புயலால் குறைவு' என்று ஒழுங்காகத்தான் எழுதினேன். அடுத்த வருஷம்தான் அது நம் கணக்கை அடிக்கும், அப்போது வானம் பளிச்சென்று இருக்கும். இந்தத் தப்பை நம்மைப் போல ஒரு வருஷம் திரும்பிப் பார்த்து எழுதுகிறவர்கள்தான் செய்ய முடியும். வேறு எவரும் செய்ய முடியாது.

ஃபைலைத் தூக்கிக்கொண்டு அப்போதைய செயலாளரிடம் ஓடினேன். தங்கமான மனுஷர், கன்னடக்காரர், என்னோடு தமிழில்தான் பேசுவார். பொறுமையாகக் கேட்டார்.

"அரசாங்கத்து எண் தப்பா?"

"இல்ல சார், எண் சரி. நான் போட்ட சொல்தான் தப்பு."

"அப்புறம் என்ன? பேடம்மா, வேண்டாம், விடுங்க. திருத்தம் போட்டா இனிமே ஒவ்வொரு மாசமும் 'இது சரியா, தப்பா'ன்னு கேப்பாங்க. அடுத்த மாசம் சரியா எழுதினா முடிஞ்சுது."

"அடுத்த மாசம் அந்த லைன் இருக்காது சார். சனிக்கிழமை மூடறாங்க."

என் கோபம் உங்களுக்குத் தெரியும், கேள்விப்பட்டாவது இருப்பீர்கள். ஆனால் அன்றைக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. தப்பு செய்தது நானாக இருக்கும்போது யார்மேல் எரிந்து விழுவது? அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ஆட்டோ பிடித்தேன். வெள்ளிக்கிழமை மதியம், ஓசூர் ரோடு சிக்னலில் அரை மணி நேரம் நின்றோம். போகிற வழியெல்லாம் மனதுக்குள் ஒத்திகை. 'சார், இறக்கம் இல்லை. லைனை மூடாதீர்கள்.' எவ்வளவு சுலபமான வேலை! ஒரு வாக்கியம் சொன்னால் நாற்பது பேர் பிழைப்பார்கள். எனக்கு என்மேலேயே கொஞ்சம் பெருமைகூட வந்துவிட்டது.

கம்பெனி ஒரு ஒர்க்‌ஷாப்புக்கு மேல் மாடியில். பேக்கிங்காரம்மா நாற்பது வயது இருப்பார், கழுத்தில் இஞ்ச் டேப், கையில் டேப் ஒட்டுகிற மெஷின். என்னைப் பார்த்ததும் ஆச்சரியப்படவில்லை. "வந்துட்டீங்களா" என்று மட்டும் சொன்னார். ஒரு நீள நோட்டை எடுத்து மேஜையில் விரித்தார். எந்த நாள் எத்தனை பெட்டி, எந்த லாரி, எல்லாம் முத்து முத்தான எழுத்தில். புயல் வாரத்துக்கு நேராக 'அத்திபெலே, மழை' என்று எழுதியிருந்தார்.

அங்கேயே நின்று கூட்டிப் பார்த்தேன். போன வருஷ நவம்பரும் டிசம்பரும் சேர்த்து ஒரு தொகை. இந்த வருஷ நவம்பரும் டிசம்பரும் சேர்த்து ஒரு தொகை. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. என் ஃபைலில் இருந்த தெற்குத் துறைமுகக் கணக்கையும் அதே மாதிரி சேர்த்துப் பார்த்தேன். அங்கேயும் அதே கதை. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

"பாத்தீங்களா! இத அப்படியே முதலாளிகிட்ட சொல்லுங்க மேடம். இறக்கம் இல்லைன்னு சொன்னா போதும்."

அந்த 'போதும்' காதில் விழுந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. நவம்பர்! இளைத்துப்போன போன வருஷ நவம்பரின் பக்கத்தில் இந்த வருஷ நவம்பரை நிறுத்தி, பாய்ச்சல் என்று எழுதினேனே, அது? மூன்றாவது லைன் எப்போது ஆரம்பித்தது? ஒரு மாதத்துக்கு முன்னால். மைசூர்பாகு எப்போது வந்தது? அதே வாரம்.

யோசிக்க நேரம் இல்லை. முதலாளி கண்ணாடி அறையிலிருந்து எங்களைப் பார்த்துவிட்டுக் கையசைத்துக் கூப்பிட்டார். கட்டிங் மாஸ்டராக இருந்து சொந்தமாகக் கம்பெனி போட்டவர். கெட்டவர் இல்லை. அவர் முகத்திலும் இரண்டு நாள் தூக்கம் இல்லை.

"நோடிம்மா, பாருங்க, நாப்பது பேரை அனுப்பறது எனக்கு மட்டும் சந்தோஷமா? உங்க பேப்பர்ல சரிவுன்னு வந்துடுச்சு. இனி ஆர்டர் குறையும். முன்கூட்டியே சுதாரிச்சுக்கணும் இல்லையா?"

புயல் கதையைச் சொன்னேன். அத்திபெலே லாரிகளைச் சொன்னேன். அவருக்கு டக்கென்று புரிந்துவிட்டது, லாரி வாடகை கொடுத்தவர் அல்லவா.

"அட, ஆமாம்! அப்போ இறக்கமே இல்லையா?"

"இல்லை சார்."

பக்கத்தில் நின்ற பேக்கிங்காரம்மா மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. முதலாளி எழுந்து வெளியே போனார். பஞ்ச் மெஷின் பக்கத்தில் ஒட்டியிருந்த காகிதத்தைக் கிழித்துக்கொண்டு திரும்பி வந்தார். நாற்காலியில் உட்காரப்போனவர், பாதியில் நின்றார்.

"இருங்க. நவம்பர்ல ஏறிச்சுன்னு எழுதினீங்களே, அதைப் பாத்துதான் மூணாவது லைன் போட்டேன். அது நிஜம்தானே?"

பிள்ளைகளே, இந்த இடத்துக்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். முப்பது வருஷத்தில் எவ்வளவோ நெருக்கடி பார்த்திருக்கிறேன், அந்த மாதிரி ஒரு நிமிஷம் பார்த்ததில்லை. 'நிஜம்தான் சார்' என்றால் முடிந்தது. என்னை யாரும் பிடிக்க முடியாது, எண் அப்படியே எண்ணாக இருக்கிறது. நாற்பது பேருக்கும் வேலை இருக்கும். பேக்கிங்காரம்மா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். கெஞ்சுகிற பார்வை இல்லை. 'சொல்லிடுங்க' என்கிற பார்வையும் இல்லை. சும்மா பார்த்தார்.

ஆனால் இல்லாத ஏற்றத்தை நம்பி அவர் அந்த லைனை ஓட்டினால்? இரண்டு மாதம் கழித்து மூன்று லைனுக்கும் சேர்த்து நோட்டீஸ் ஒட்ட வேண்டி வந்தால்? அப்படி வரும் என்றும் எனக்குத் தெரியாது, வராது என்றும் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான், அவர் கேட்டது நான் எழுதின சொல்லைப் பற்றி. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து ஒரு மாதம் ஓட்டியாயிற்று. அன்றைக்காவது தட்டை உதறியாக வேண்டும்.

"இல்லை சார்," என்றேன். "அதுவும் இல்லை. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. ரெண்டு தடவையும் நான்தான் தப்பா எழுதினேன். நீங்க என் பேப்பரைப் பாக்காதீங்க. உங்க கையில இருக்கற ஆர்டரைப் பாருங்க."

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். ஆர்டர் ஃபைலை எடுத்துப் புரட்டினார், விரல் விட்டு எண்ணினார், மறுபடி எண்ணினார். கையில் இருந்த ஆர்டர் இரண்டு லைனுக்கு அதிகம், மூன்று லைனுக்குக் குறைவு. கடைசியில் பதினெட்டுப் பேரை மற்ற இரண்டு லைனிலும் சேர்த்துக்கொள்வது என்றும், மீதி இருபத்திரண்டு பேரைச் சனிக்கிழமைக்குப் பதில் மாதக் கடைசி வரை வைத்திருப்பது என்றும் முடிவு செய்தார். யார் போவது? கடைசியாகச் சேர்ந்தவர்கள். தங்கை கடைசி வாரங்களில் சேர்ந்தவள், அவளும் அந்த இருபத்திரண்டு பேரில் ஒருத்தி.

பேக்கிங்காரம்மா மேஜைமேல் விரித்திருந்த நோட்டை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். படிக்கட்டு வரைக்கும் என்னோடு வந்தார்.

"என்னை மன்னிச்சிடுங்க" என்றேன்.

"லாரி வந்துடும் மேடம். பெட்டி எண்ணணும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்.

திரும்பி வரும் பஸ்ஸில் அழுதேன். கூச்சமாகத்தான் இருந்தது, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நான் போகாமல் இருந்திருந்தால் நாற்பது பேரும் போயிருப்பார்கள், பதினெட்டுப் பேராவது மிஞ்சினார்களே என்று ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். அந்தக் கணக்கு எனக்கு ஆறுதல் தரவில்லை. என்னை நம்பித்தானே அந்தப் பெண் அத்திபெலே வேலையை விட்டுவிட்டு வந்தாள், என் பெயர்கூட அவளுக்குத் தெரியாதே என்றுதான் மனது அடித்துக்கொண்டது.

அடுத்த நாள் திருத்தம் எழுதினேன். சங்கத்தின் பெயரில் வேண்டாம், என் பெயரில் போகட்டும் என்றேன். செயலாளர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, "உங்க இஷ்டம்மா" என்றார். 'நவம்பரில் பாய்ச்சல் என்று எழுதியதும் தவறு, டிசம்பரில் சரிவு என்று எழுதியதும் தவறு, இரண்டையும் எழுதியவள் நான்.' உறுப்பினர்களிடம் வாங்கின மண்டகப்படி ஒரு வாரத்துக்கு ஓடியது. அதை விவரிக்க மாட்டேன், எனக்கும் மானம் இருக்கிறது.

நீங்கள் இப்போது பார்க்கிறீர்களே, புல்லட்டினில் எந்த மாதத்தையும் தனியாக விடாமல் முந்தின மாதத்தையும் சேர்த்து ஒப்பிடுகிற கட்டம் ஒன்று, அதற்கு மேலே 'போன வருஷம் இதே மாதம் என்ன நடந்தது' என்று ஒரு வரி, அதெல்லாம் அதற்குப் பிறகு வந்தது. அந்த வரியை நிரப்புவது தொல்லை என்று நீங்கள் முணுமுணுப்பதாகக் கேள்விப்பட்டேன். முணுமுணுத்துக்கொண்டே நிரப்புங்கள்.

பிப்ரவரி நடுவில் ஜனவரிக் கணக்கு வந்தது. முழுசாக இரண்டு நாள் எடுத்துக்கொண்டேன். எழுதி முடித்து, அனுப்பலாமா என்று கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தபோது போன் அடித்தது. குரல் கேட்டதுமே தெரிந்துவிட்டது. திட்டத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"எழுதிட்டீங்களா அக்கா?"

மேடம் போய் அக்கா ஆகியிருந்தது.

"இன்னும் அனுப்பலம்மா. தங்கச்சி எப்படி இருக்கா?"

"ஓசூர்ப் பக்கம் ஒரு கம்பெனில சேந்துட்டா. அத்திபெலே தாண்டி. காலைல அஞ்சரைக்கே பஸ்ஸு புடிக்கறா. என்கிட்ட இன்னும் சரியாப் பேசல."

"அன்னிக்கு நான் நவம்பரைப் பத்தி வாயைத் திறக்காம இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தேன்.

"அத விடுங்க. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும், அதுக்குத்தான் போன் பண்ணேன். ஏறிச்சுன்னு எழுதினதுக்கு எங்க முதலாளி உங்க ஆபீசுக்கு மைசூர்பாகு அனுப்பினாரு, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு." எப்படி மறக்கும்?

"அந்தப் பெட்டிய கட்டினது நான்தான். கட்டும்போதே எனக்குத் தெரியும்கா, ஏறலன்னு. போன வருஷம் புயல்ல நின்னதாலதான் இப்போ ஏறின மாதிரி இருக்குன்னு அப்பவே தெரியும். நோட்டு என் கையிலதானே இருக்கு? உங்க நம்பரும் அந்தப் பேப்பர்லயே இருந்துச்சு."

போனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"லைன் போடறாங்க, தங்கச்சிக்கு வேல கெடைக்குதுன்னு வாய மூடிக்கிட்டேன்" என்றார். "பெட்டிய நல்லா இறுக்கிக் கட்டி அனுப்பி வச்சேன்."

இறங்கின மாதம் உங்களுக்கு நாலு பேர் போன் செய்து சண்டை போடுவார்கள். அந்த மாதத்தைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. ஏறின மாதம் ஒருத்தர்கூடக் கூப்பிட மாட்டார்கள், இனிப்புதான் வரும். தின்னுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதற்கு முன்னால் எழுந்து போய், போன வருஷத்து ஃபைலை எடுத்துப் பாருங்கள்.